முகம் இருக்கிறது, பெயர் எங்கே?

தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. கைப்பேசியில் இப்போதே விளக்குப் படங்கள் மினுங்கத் தொடங்கிவிட்டன. ஒரே படம் பதினைந்து பேரிடமிருந்து வரும். நாமும் அதையே இன்னொரு பதினைந்து பேருக்குத் தட்டிவிடுவோம். அதில் அனுப்பியவர் முகமும் இருக்காது, பெறுபவர் பெயரும் இருக்காது.

இந்த நேரத்தில்தான் மெக்சிகோ போய் வந்த தோழி ஒருத்தி ஆறு வாழ்த்து அட்டைகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். ஆறிலும் ஆறு முகங்கள். மரப்பட்டை நிறத்தில் சொரசொரப்பான தாள். அதன்மேல் பக்கவாட்டில் பார்க்கும் ஆண்களும் பெண்களும். ஒவ்வொரு தலைக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் படம்: ஒன்றில் கழுகு, ஒன்றில் பூ, ஒன்றில் பாம்பு. வாயிலிருந்து புகை சுருள்வதுபோல் ஒரு வளையம்.

"இது என்ன, சுருட்டுப் பிடிக்கிறார்களா?" என்று கேட்டேன். "இல்லடி, பேசுறாங்க" என்றாள்.

வானொலியில் பேசிப் பிழைக்கிற எனக்கு அதற்குப் பிறகு அந்த அட்டைகளை விட மனம் வரவில்லை.

பேசுகிற படங்கள்

அந்த அட்டைகளின் ஓவிய பாணி நவா மக்களுடையது. இவர்கள் பேசும் மொழி நவாட்டில். அஸ்டெக் பேரரசின் மொழி என்றால் பலருக்குப் பிடிபடும். 1521-இல் ஸ்பானியர்கள் அஸ்டெக் தலைநகரைக் கைப்பற்றினார்கள். ஆனால் மொழி சாகவில்லை. இன்றும் மெக்சிகோவில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பேசுகிறார்கள். பழைய காலத்து மக்கள் என்று அருங்காட்சியகத்தில் வைத்துப் பூட்டிவிட முடியாத, உயிரோடு இருக்கிற ஓர் இனம்.

அவர்களுடைய பழைய ஓவிய ஏடுகளில் பேச்சை வரைவதற்கு ஒரு வழி இருந்தது. வாயருகே ஒரு சுருள் போட்டால் அவர் பேசுகிறார் என்று பொருள். அந்தச் சுருளில் பூக்கள் ஒட்டியிருந்தால் பாடுகிறார். கவிதைக்கு அவர்கள் மொழியில் 'மலரும் பாடலும்' என்று பெயர். அரசனைக் குறிக்கும் சொல்லுக்கே 'பேசுபவர்' என்றுதான் அர்த்தம்.

தலைக்குப் பக்கத்திலுள்ள சின்னப் படம் அவருடைய பெயர். இட்ஸ்கோவாட்ல் என்ற மன்னனின் பெயருக்குக் 'கண்ணாடிக்கல் பாம்பு' என்று பொருள். ஆகவே, அவன் தலையருகே கூரிய கற்சில்லுகள் பதித்த ஒரு பாம்பை வரைந்தார்கள். கடைசி மன்னன் குவாவ்தெமோக்கின் பெயருக்கு 'இறங்கிவரும் கழுகு' என்று பொருள். அவனுக்குக் கழுகு.

இந்தப் பழைய ஏடுகளில் முகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். மூக்கு, கண், தாடை எல்லாம் ஒரே வார்ப்பு. ஆளை அடையாளம் காட்டியது பெயர்ப் படம்தான். முகச்சாயல் தப்பினாலும் பரவாயில்லை, பெயர் தப்பக்கூடாது. அந்த ஓவியர்களின் இந்தப் பழக்கம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

'ஒல்லி' என்றால் ரப்பர்

மெக்சிகோ எங்கே, நெகிரி செம்பிலான் எங்கே என்று நினைக்கலாம். நம் சமையலறையிலிருந்தே தொடங்கலாம். தக்காளிக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் பெயரும், அவகாடோ என்ற பெயரும், கடையில் நாம் கேட்டு வாங்கும் 'சிலி சாஸ்' பாட்டிலில் இருக்கும் 'சிலி'யும் நவாட்டில் மொழியிலிருந்து கிளம்பி ஸ்பானியம், ஆங்கிலம் வழியாக வந்த சொற்கள்.

இன்னொரு சொல் நமக்கு இன்னும் நெருக்கம். ரப்பருக்கு நவாட்டில் மொழியில் 'ஒல்லி' என்று பெயர். நம் ஊர் ஒல்லிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர்கள் தங்கள் நாட்டு மரத்தைக் கீறி, பால் எடுத்து, இறுக வைத்துப் பந்து செய்தார்கள். 1541 வாக்கில் எழுதப்பட்டு, இன்று ஆக்ஸ்போர்டில் இருக்கும் மென்டோசா ஏட்டில் கப்பக் கணக்கு ஒன்று வருகிறது. தோச்தெபெக் என்ற மாநிலம் அஸ்டெக் மன்னனுக்குக் கட்டவேண்டிய பொருள்களில் 16,000 ரப்பர் பந்துகளும் உண்டு.

அவர்கள் கீறிய மரம் வேறு, நம் தாத்தா பாட்டி வெட்டிய மரம் வேறு. நம்முடையது பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து வந்தது. 1876-இல் ஹென்றி விக்காம் சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பிறகு நடந்ததை உங்கள் குடும்பத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். காடு அழிந்து ரப்பர் வந்தது, ரப்பருக்காகக் கப்பலில் தமிழர்கள் வந்தார்கள்.

மரத்தைக் கீறிப் பால் எடுத்த இரண்டு மக்கள். நவா மக்களின் முகம் வாழ்த்து அட்டையில் பெயரோடு வருகிறது. நம் தோட்டத்து முகம் எப்படி வந்திருக்கிறது?

தலைப்பு: 'தமிழ்ப் பெண்'

வந்திருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே அட்டையில் ஏறிவிட்டது.

சிங்கப்பூரில் ஜி.ஆர். லாம்பர்ட் நிறுவனம், கொழும்பில் 1890-இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனம். இவை அந்தக் காலத்தின் பெரிய புகைப்பட நிலையங்கள். கப்பலில் வந்திறங்கும் வெள்ளைக்காரர்கள் ஊருக்கு அனுப்ப அஞ்சல் அட்டைகள் வேண்டும். கடற்கரை, கோயில், யானை ஆகியவற்றோடு 'இந்த ஊர் மனிதர்கள்' என்றொரு வரிசையும் விற்றது. மூக்குத்தி போட்ட பெண், தலைப்பாகை கட்டிய ஆள், தேயிலைக் கூடை சுமந்தவள், ரப்பர் மரத்தடியில் நிற்பவர். கீழே அச்சிட்டிருக்கும் வரி 'தமிழ்ப் பெண்', 'தமிழ்க் கூலி', சிலவற்றில் இன்று நாம் கேட்கக் கூசும் 'கெலிங்' என்ற சொல்.

அந்தப் படங்களில் சில அற்புதமானவை. கண்ணைப் பார்த்தால் ஒரு முழு மனுஷி தெரிவாள். ஆனால் அவள் பெயர் என்ன? எந்தத் தோட்டம்? எத்தனை பிள்ளைகள்? படம் பிடித்தவர் பெயர் அட்டையில் இருக்கிறது. படத்தில் இருப்பவர் பெயர் இல்லை.

அடுத்து நம் முகம் பதிவானது 1948-இல். அவசரகாலம் தொடங்கி, மலாயாவில் அடையாள அட்டை கட்டாயமானது. தோட்டம் தோட்டமாக மக்களை வரிசையில் நிறுத்திப் படம் பிடித்தார்கள். இந்த முறை பெயர் இருந்தது, கூடவே எண்ணும் கைரேகையும். உங்கள் வீட்டில் பாட்டி, தாத்தாவின் மிகப் பழைய படம் எது என்று தேடிப் பாருங்கள். பலருக்கு அது அந்த ஐ.சி. படமாகத்தான் இருக்கும். யாரும் சிரிக்காத படம்.

சிவகாசியிலிருந்து லயத்துக்கு

போன ஆண்டு தீபாவளி சிறப்பு நிகழ்ச்சிக்காக செண்டாயான் பக்கம் ஒலிப்பதிவுக்குப் போயிருந்தேன். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் பாதையில் கிளை பிரிந்தால், ஒரு காலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர். பிறகு செம்பனை. இப்போது பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்ற புதுநகரம், தொழிற்பேட்டை, விமானப்படைத் தளம். பெரட்டுக் களம் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால், பெரியவர்கள் ஒரு பெட்ரோல் நிலையத்தைக் கணக்கு வைத்துக் கை நீட்டுகிறார்கள்.

அங்கே ஒரு தாமானில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியம்மாவைப் பார்த்தேன். பதினைந்து வயதில் பால்வெட்டுக் கத்தி பிடித்தவர். பேச்சுவாக்கில் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்து திறந்தார். உள்ளே நாற்பது, ஐம்பது வாழ்த்து அட்டைகள். முருகன், லட்சுமி, மீனாட்சி, எம்.ஜி.ஆர்., பானை பொங்கும் அடுப்போரம் ஒரு சிவந்த நடிகை. பின்பக்கத்தில் நீல மையில் பெயர்கள்.

"தூக்கிப்போட மனசு வரலம்மா" என்றார்.

அந்த அட்டைகளுக்கு ஒரு கதை உண்டு. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படி வளர்ந்த அச்சகங்கள்தான் பிறகு நாள்காட்டியும் சாமிப் படமும் வாழ்த்து அட்டையும் அடித்துத் தள்ளின. படம் வரைந்தவர்களில் பெரிய பெயர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976). நாடக மேடைக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவர் சீடர்களும் வரைந்த தெய்வங்கள்தான் நம் பூசை அறைகளில் இருக்கும் முகங்கள்.

பொங்கல் அட்டைக்கு இன்னொரு வேகம் கிடைத்தது. தமிழ்நாட்டில் திராவிட இயக்கம் பொங்கலைத் தமிழர் விழாவாக முன்னெடுத்தது. இங்கே கோ. சாரங்கபாணி 1952-இல் தமிழர் திருநாளைத் தொடங்கிவைத்தார். சாமி படம் இருந்த இடத்தில் அண்ணாவும் திருவள்ளுவரும் வந்தார்கள். வள்ளுவரின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா அதை மனத்தில் உருவாக்கி வரைந்தார். 1960-இல் இந்திய அஞ்சல் தலையிலும், 1964-இல் தமிழகச் சட்டமன்றத்திலும் வள்ளுவர் வந்தார். இன்று அந்தத் தாடியும் அந்த எழுத்தாணியும் இல்லாமல் நம்மால் வள்ளுவரை நினைக்கவே முடியாது. ஒரு நல்ல உருவப்படம் செய்யும் வேலை அது.

பெரியம்மாவிடம் கேட்டேன்: "இத்தனை அட்டையில நம்ம தோட்டத்து ஆளுங்க ஒருத்தர்கூட இல்லையே?"

"நம்ம மூஞ்சிய யாரும்மா வாழ்த்து அட்டையில போடுவா?"

அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. வெயிலடித்தால் துணி காயும் என்பதுபோல இயல்பாகச் சொன்னார். சுவரில் அவர் அம்மாவின் படம் மாலையோடு தொங்கியது. ஐ.சி. படத்தைப் பெரிதாக்கியது. அம்மா முப்பது வருஷம் மரம் வெட்டினாராம். வேறு படம் இல்லை.

எல்லாரும் பார்த்த முகம்

இதே நிலை நவா மக்களுக்கும் இருந்தது. அதற்கு ஒரே ஒரு பெண்ணின் கதை போதும்.

லூஸ் ஹிமேனெஸ் 1897-இல் மெக்சிகோ நகரத்துக்குத் தெற்கே மில்பா ஆல்தா என்ற ஊரில் பிறந்த நவா பெண். ஆசிரியையாக வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. புரட்சி வந்தது. 1916-இல் ஊரில் நடந்த படுகொலையில் தந்தையை இழந்தார். அம்மாவோடும் சகோதரிகளோடும் நகரத்துக்கு வந்து, ஓவியர்களுக்கு மாடலாக உட்கார்ந்து பிழைத்தார்.

தியேகோ ரிவேரா அவரை வரைந்தார். ழான் ஷார்லோ வரைந்தார். டீனா மொடோட்டி புகைப்படம் எடுத்தார். மெக்சிகோ பூங்காவின் நீரூற்றில் குடம் ஏந்தி நிற்கும் சிலைக்கும் அவரே மாடல். 'பூர்வகுடித் தாய்', 'மண்ணின் மகள்' என்று நாடே கொண்டாடிய முகம் அது. படங்களுக்குக் கீழே அவர் பெயர் வரவில்லை.

ஆனால் லூஸ் வெறும் முகமாக நின்றுவிடவில்லை. அறிஞர்களுக்குத் தன் தாய்மொழியைக் கற்றுக்கொடுத்தார். தன் ஊரின் கதையையும், புரட்சி நாள்களில் கண்ணால் கண்டதையும் நவாட்டில் மொழியிலேயே சொன்னார். மானிடவியலாளர் பெர்னாந்தோ ஓர்காசித்தாஸ் அதை எழுதி எடுத்தார். 1965-இல் லூஸ் இறந்தார். 1968-இல் அவர் சொன்னவை நூலாக வந்தன. இன்று அவர் பெயரைத் தேடினால், அவர் முகமும் அவர் சொற்களும் சேர்ந்தே கிடைக்கின்றன.

இன்னொரு பக்கம், நாள்காட்டி ஓவியர் ஹெசூஸ் எல்கேரா (1910–1971). சிகரெட் கம்பெனி நாள்காட்டிகளுக்கு அஸ்டெக் வீரனையும் இளவரசியையும் வரைந்தவர். திரண்ட தோள், சினிமா நட்சத்திரம் போன்ற முகம். நம் கொண்டையராஜு வீட்டுக்கு வீடு தெய்வத்தைக் கொண்டுபோனதுபோல, எல்கேரா வீட்டுக்கு வீடு அஸ்டெக் காதலைக் கொண்டுபோனார். அழகான படங்கள்தான். ஆனால் சோளக்கொல்லையில் வேலை செய்யும் நவா மனிதரை அதில் தேடினால் கிடைக்கமாட்டார்.

அவரைக் கொண்டுவந்தவர்கள் நவா கிராமத்து ஓவியர்களே. குவெர்ரெரோ மாநிலத்தில் மண்பாண்டங்களில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தவர்கள், 1960-களில் 'அமாத்தே' என்ற மரப்பட்டைத் தாளில் வரையத் தொடங்கினார்கள். நம் அத்தி, ஆல் இனத்து மரங்களின் பட்டையை அவித்து, கல்லால் தட்டிச் செய்யும் தாள் அது. அதைச் செய்வது சான் பாப்லீத்தோ என்ற ஊரின் ஒத்தோமி மக்கள், வரைவது நவா மக்கள். கல்யாணம், அறுவடை, மீன்பிடி, சந்தை என்று தங்கள் ஊரையே வரைந்தார்கள். அந்தத் தாள் சின்னதாகி அட்டையாகி, இன்று சுற்றுலாப் பயணி கையில் வாழ்த்தாகப் போகிறது. தோழி கொண்டுவந்த அட்டைகள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

வாழ்த்து என்பது பெயர்ப் பட்டியல்

வானொலி வாழ்த்து நிகழ்ச்சிக்கு அழைக்கும் அம்மாக்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "அண்ணன் முனியாண்டி குடும்பம், சித்தி பாக்கியம் குடும்பம், பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க…" என்று பட்டியல் நீளும். தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைச் சுழற்றுவார். அம்மா நிறுத்தமாட்டார். ஒரு பெயர் விட்டுப்போனால், மறுநாள் அந்த வீட்டு வாசலில் எப்படி நிற்பது?

வாழ்த்து என்றால் அதுதான். இன்னார் இன்னாருக்கு என்று பெயர் சொல்வது. 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் அச்சிட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டையில்கூட நடுவில் ஒரு குடும்பம் நம்மைப் பார்த்துக் கோப்பை தூக்குகிறது. மேலே 'பெறுநர்' என்றும் கீழே 'அனுப்புநர்' என்றும் எழுதப் புள்ளிக்கோடு. முகமும் பெயரும் அந்தத் தொடக்கத்திலேயே ஒன்றாக இருந்தவை.

தோட்டம் போய்விட்டது. தோட்டத்தில் வேலை செய்த கடைசித் தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அவர்களுடைய முகம் நூறாண்டுக்கு முன் பெயரில்லாமலும், பிறகு எண்ணோடும் பதிவானது. அன்போடு பதிவாக வேண்டியது பாக்கி. அதை அச்சகமோ அரசாங்கமோ செய்யக் காத்திருக்க வேண்டாம். இந்தத் தீபாவளிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

வீட்டிலேயே செய்யலாம்

*படம்:* பாட்டியோ தாத்தாவோ இருந்தால், சன்னலோரம் பகல் வெளிச்சத்தில் உட்காரவைத்துப் படம் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். முதலில் அனுமதி கேளுங்கள். "எதுக்குப்பா என்னை" என்பார்கள், காரணத்தைச் சொல்லுங்கள். இறந்தவர் என்றால் பழைய படத்தை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். ஐ.சி. படத்தைப் பயன்படுத்தினால், எண் தெரியாமல் முகத்தை மட்டும் எடுங்கள்.

*ஓவியம்:* படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வரையட்டும். சாயல் கொஞ்சம் தப்பினால் கவலைப்பட வேண்டாம்.

*பெயர்ப் படம்:* தலைக்குப் பக்கத்தில் பெயரை வரையச் சொல்லுங்கள். மயிலம்மாவுக்கு மயில். வேலாயுதத்துக்கு வேல். மாரிமுத்துவுக்கு மழைத்துளியும் முத்தும். பெயர் படத்துக்கு வசப்படவில்லை என்றால் அவர் வேலையை வரையலாம்: மங்கு, பால் வாளி, காண்டா. இறகுக் கிரீடமும் அஸ்டெக் வேடமும் நமக்கு வேண்டாம். அவை அவர்களுடைய அடையாளம். தலைப்பாகையையும் பாம்பையும் காட்டி 'இந்தியன்' என்று யாராவது சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? முறையைக் கற்றுக்கொள்வோம், நம் பொருளை வரைவோம்.

*பேச்சுச் சுருள்:* வாயருகே ஒரு சுருள். அதற்குள் அவர் அடிக்கடி சொல்லும் ஒரு சொல். "சாப்டியா?", "பாத்துப் போ", "வந்துட்டியா?" பாடுகிறவர் என்றால் சுருளில் ரெண்டு மல்லிகை.

*அச்சு:* ஏ5 அளவு அட்டையை இரண்டாக மடித்தால் ஏ6 ஆகும். சி6 உறையில் சரியாக அடங்கும். 250 முதல் 300 ஜி.எஸ்.எம். தாள் கேளுங்கள். பக்கத்து நகல் கடையிலேயே அடித்துத் தருவார்கள்.

*பின்பக்கம்:* இதை விட்டுவிடாதீர்கள். முழுப் பெயர், தோட்டம், பிரிவு, செய்த வேலை, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை. அட்டையைப் பெறுகிற அடுத்த தலைமுறைக்கு இந்த நான்கு வரிதான் வரலாறு.

பத்து அட்டை அடித்தால் போதும். பத்து வீட்டு அலமாரியில் ஒரு மரம் வெட்டியவரின் முகம், அவர் பெயரோடு நிற்கும். பத்தில் ஒன்றை வரையப்பட்டவரிடமே கொடுங்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, "யாரு, நானா இது?" என்று கேட்பார். நீங்கள் பெயரைச் சொல்லுங்கள்.